முனையத் திரையில் உள்ள எழுத்தையும் அதன் நிறம், ரிவர்ஸ் போன்றவற்றையும் திரும்பப் படிப்பது எப்படி?

மலர்விழி_கே எழுதியது (காலை 10:12)

எல்லோருக்கும் வணக்கம். மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சி மொழியில் என்கர்சஸ் (முனையத் திரையில் எழுத உதவும் நூலகம்) வைத்து ஒரு சின்ன நிரல் எழுதிப் பழகுகிறேன். திரையில் ஒரு பட்டியல் வரும். அம்பு விசையால் நகர்த்தினால் நாம் நிற்கும் வரி ரிவர்ஸில் (எழுத்து நிறமும் பின்நிறமும் இடம் மாறி) தெரியும். காலாவதி நெருங்கிய மருந்து சிவப்பில் வரும். திரையில் எழுதுவதில் சிக்கல் இல்லை, எழுதியதைத் திரும்பப் படிப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். எந்த வரி ரிவர்ஸில் இருக்கிறது, எது சிவப்பு என்று நிரலே திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் திரையைப் படிக்க இன்எஸ்டிஆர் என்ற ஃபங்ஷனைப் போட்டேன். எழுத்து வருகிறது, நிறமும் ரிவர்ஸும் வரவில்லை. பிறகு இன்ச் போட்டேன். தடித்த எழுத்தில் (போல்டு) ஆங்கில ஏ என்று எழுதிய இடத்தில் 2097985 என்று ஒரு எண் வருகிறது. இதை எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று. கடைப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. சோதனைக்காக "தமிழ்" என்று எழுதிவிட்டு இன்ச் வைத்துப் படித்தால் நான்கு விசித்திரக் குறிகள் வருகின்றன: ஏதோ ஒரு பணக்குறி, வட்டத்துக்குள் எழுத்து போட்ட வணிக முத்திரை, தலைகீழ்க் கேள்விக்குறி, கடைசியில் ஒரு சாய்ந்த சிறு கோடு. திரையில் தமிழ் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

---

கருந்திரை எழுதியது (காலை 10:58)

மலர்விழி, அந்த 2097985-ல் நீங்கள் கேட்ட எல்லாம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 2097152 + 768 + 65.

65 என்பது ஆங்கில ஏ எழுத்தின் ஆஸ்கி எண். 768 என்பது 3 பெருக்கல் 256, அதாவது 3-ஆம் நிற ஜோடி (முன்நிறமும் பின்நிறமும் சேர்ந்தது). 2097152 என்பது போல்டுக்கான பிட். இன்ச் தருவது சிஎச்டைப் என்ற வகை. என்கர்சஸில் அதன் கடைசி 8 பிட் எழுத்துக்கு, அதற்கு மேல் உள்ள 8 பிட் நிற ஜோடிக்கு, அதற்கும் மேலே ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு பண்புக்கு. அடிக்கோடு 131072, ரிவர்ஸ் 262144, மினுக்கல் 524288. இந்த எண்களை நிரலில் நேரடியாக எழுதிவிடாதீர்கள், கர்சஸ் நூலகத்தின் வேறு வடிவங்களில் இடம் மாறும். ஏ_சார்டெக்ஸ்ட் மாஸ்க்கோடு ஆண்ட் (இரண்டிலும் 1 ஆக உள்ள பிட்டை மட்டும் எடுப்பது) செய்தால் எழுத்து மட்டும் நிற்கும். ஏ_அட்ரிபியூட்ஸ் மாஸ்க்கோடு செய்தால் பண்புகள் மட்டும். ஜோடி எண்ணுக்கு பேர்_நம்பர்.

இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ரிவர்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும்போது சமக்குறி போடக் கூடாது, ஆண்ட் தான் போட வேண்டும். அதே கட்டத்தில் போல்டும் சேர்ந்திருந்தால் சமக்குறி பொய்யாகிவிடும். அப்புறம், ஜோடி எண் நிறம் அல்ல. ஜோடி 1 என்பது நீங்கள் இனிட்_பேரில் எதை 1 என்று வைத்தீர்களோ அது. சிவப்பா என்று தெரிய வேண்டுமானால் பேர்_கன்டென்ட் கூப்பிட்டு முன்நிறத்தைக் கேளுங்கள். அது கலர்_ரெட், அதாவது 1 என்று சொன்னால்தான் சிவப்பு.

வரி முழுவதையும் பண்போடு சேர்த்து ஒரே வீச்சில் எடுக்க இன்ச்எஸ்டிஆர் இருக்கிறது. இன்எஸ்டிஆர் வேறு, இன்ச்எஸ்டிஆர் வேறு. முதலாவது பண்பை உரித்துவிட்டு எழுத்தை மட்டும் தரும். நடுவில் இருக்கும் அந்த "ச்" தான் வித்தியாசம்.

---

காவிரிக்கரை எழுதியது (காலை 11:20)

தமிழ்க் குறிகளுக்கு என்னிடம் விடை இருக்கிறது, ஒரு காலத்தில் இதே குறிகளை முழு நாள் வெறித்துப் பார்த்திருக்கிறேன்.

யூனிகோடில் த 2980, ம 2990, ி 3007, ழ 2996. மேலே அண்ணன் சொன்னபடி இன்ச்சில் எழுத்துக்கு இடம் 8 பிட் தான். அதைவிடப் பெரிய எண் வந்தால் இன்ச் தவறு என்று சொல்லாது, கடைசி 8 பிட்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றிலும் 2816-ஐக் கழியுங்கள்: 164, 174, 191, 180. லத்தீன்-1 அட்டவணையில் 164 பணக்குறி, 174 வணிக முத்திரை, 191 தலைகீழ்க் கேள்விக்குறி, 180 சாய்கோடு. நீங்கள் பார்த்தது அதே வரிசைதானே?

தமிழ் வேண்டுமானால் அகல எழுத்துக்கான ஃபங்ஷன்களுக்குப் போக வேண்டும். இன்_டபிள்யூசிஎச் ஒரு கட்டத்தை சிகேர்_டி என்ற பெட்டியில் போட்டுத் தரும். அதை கெட்சிகேரிடம் கொடுத்தால் எழுத்துகள், பண்புகள், ஜோடி எண் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும். நிரலின் தொடக்கத்தில், கர்சஸைத் தொடங்கும் இனிட்எஸ்சிஆருக்கு முன்பு, மொழியையும் எழுத்துமுறையையும் அமைக்கும் செட்லொகேல் கட்டாயம். இணைக்கும்போது என்கர்சஸ்-டபிள்யூ நூலகம். இந்த இரண்டில் ஒன்று விட்டாலும் தமிழ் கிடைக்காது.

---

மலர்விழி_கே எழுதியது (காலை 11:41)

அதே வரிசைதான் அண்ணா! மிக்க நன்றி. ஆனால் "தமிழ்" என்பதில் யூனிகோடு எண்கள் ஐந்து இருக்க வேண்டுமே. த, ம, ி, ழ, புள்ளி. எனக்கு ஏன் நான்கு குறிதான் வந்தது?

---

காவிரிக்கரை எழுதியது (பகல் 12:05)

நல்ல கேள்வி. புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது. அது ழ இருக்கும் கட்டத்திலேயே சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இன்ச் அந்தக் கட்டத்தின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கெட்சிகேர் வைத்துப் படித்தால் நான்காவது கட்டத்தில் இரண்டு எழுத்து வரும், 2996-உம் 3021-உம்.

எந்தக் குறிக்குத் தனிக் கட்டம், எதற்கு இல்லை என்பது டபிள்யூசிவிட்த் என்ற ஃபங்ஷன் சொல்லும் அகலத்தைப் பொறுத்தது. மார்க்கஸ் குன் எழுதிப் பல முனையங்களுக்குள் போன அட்டவணையில் தமிழுக்கு அகலம் பூஜ்யம் என்று மூன்றே குறிகள்: தமிழ் எழுத்தில் பயன்படாத அனுஸ்வாரம், ஈகாரக் குறி, புள்ளி. மற்ற உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் அகலம் 1. இது யூனிகோடு அந்தக் குறிகளை இடம் பிடிப்பவை, இடம் பிடிக்காதவை என்று வகைப்படுத்தியதிலிருந்து வந்தது.

விளைவு என்ன தெரியுமா? "கி" இரண்டு கட்டம், "கீ" ஒரு கட்டம். "மிளகு" ஐந்து கட்டம், "மீன்" இரண்டு கட்டம். தமிழ் வாசிப்பவர் கண்ணுக்கு கி-யும் கீ-யும் ஓர் எழுத்துதான். முனையத்துக்கு அப்படி இல்லை. வரியை இடமிருந்து வலமாக முழுதாகப் படித்துக் கோத்தால் சொல் சரியாகக் கிடைக்கும், ஏனென்றால் நினைவகத்தில் மெய் முதலில், குறி அடுத்து என்ற வரிசையில்தான் இருக்கிறது. நடுவில் வெட்டினால் போயிற்று. "கொ"-வில் க ஒரு கட்டம், ொ அடுத்த கட்டம். 20-ஆவது கட்டத்தோடு நிறுத்துங்கள் என்று வெட்டி, அது இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு அநாதையாக அடுத்த துண்டில் போய் நிற்கும்.

கெட்சிகேருக்குக் கொடுக்கும் வரிசையில் ஆறு இடமாவது வையுங்கள். என்கர்சஸில் ஒரு கட்டத்தில் ஐந்து வரை இருக்கலாம், கடைசியில் முடிவுக்குறிக்கு ஒன்று.

---

மலர்விழி_கே எழுதியது (மாலை 4:30)

தமிழ் வந்துவிட்டது. "தமிழ்" என்று திரும்பக் கிடைத்ததும் பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் இப்போது புதுச் சிக்கல். ரிவர்ஸில் உள்ள வரியைத் தேட ஒரு சோதனை எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் எல்லாக் கட்டத்தையும் எம்விஇன்ச் வைத்துப் பார்த்து, ஒன்றிலாவது ரிவர்ஸ் இருந்தால் "இது தேர்ந்த வரி" என்று எடுத்துக்கொள்கிறேன். 24 வரியும் தேர்ந்த வரி என்றே வருகிறது! திரையில் ஒன்றுதான் ரிவர்ஸில் இருக்கிறது. இன்னொரு வினோதம்: சோதனை ஓடி முடித்ததும் நான் அடுத்து எழுதும் செய்தி கீழே கடைசி வரியில் போய் விழுகிறது.

---

கருந்திரை எழுதியது (மாலை 4:44)

கட்டங்களை எதிலிருந்து எது வரை எண்ணுகிறீர்கள்?

---

மலர்விழி_கே எழுதியது (மாலை 4:47)

0 முதல் 80 வரை. 80 நெடுவரிசை இருக்கும் திரை.

---

கருந்திரை எழுதியது (மாலை 5:15)

அதுதான். 80 நெடுவரிசை என்றால் 0 முதல் 79 வரைதான். 80 என்ற இடம் விண்டோவுக்கு வெளியே. எம்விஇன்ச் முதலில் அங்கே நகரப் பார்க்கும், முடியாது, உடனே பிழை மதிப்பைத் திருப்பித் தரும். அந்தப் பிழை மதிப்பு மைனஸ் 1. சிஎச்டைப்பாக மாறும்போது மைனஸ் 1 என்றால் அத்தனை பிட்டும் 1. ரிவர்ஸ் பிட் 1, போல்டு பிட் 1, மினுக்கல், அடிக்கோடு எல்லாம் 1. நீங்கள் ஆண்ட் போட்டுக் கேட்டால் ஆமாம் ஆமாம் என்றுதான் சொல்லும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இல்லாத ஒரு கட்டம் எல்லாப் பண்பும் தனக்கு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பண்பைப் பார்க்கும் முன் அது பிழையா என்று பார்க்கப் பழகுங்கள். இந்த விஷயத்தில் இன்_டபிள்யூசிஎச் குடும்பம் பாதுகாப்பானது. அங்கே சரி, பிழை என்பது திரும்பும் மதிப்பில் வரும், எழுத்து தனிப் பெட்டியில் வரும், இரண்டும் கலக்காது. அங்கேயும் திரும்பும் மதிப்பைப் பார்க்காவிட்டால் முந்தைய கட்டத்தின் பழைய எழுத்தையே மறுபடி படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் பெயரிலேயே இருக்கிறது. எம்வி என்றால் மூவ். படிப்பதற்காக நகர்த்திய இடத்திலேயே விண்டோவின் கர்சர் நின்றுவிடும். படிப்பதற்கு முன் கெட்ஒய்எக்ஸ் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் அங்கேயே திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். படிப்பதுதானே, எதையும் மாற்றாது என்று நினைப்போம். இங்கே மாற்றும்.

---

பழைய_டாஸ்காரர் எழுதியது (இரவு 8:20)

இந்த இழையைப் படிக்கப் படிக்க 90-களின் கல்லூரி லேப் நினைவுக்கு வருகிறது. டர்போ சி-யில் கோனியோ தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் கெட்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கும். இடது, மேல், வலது, கீழ் கொடுத்தால் அந்தச் செவ்வகத்தில் உள்ள எழுத்தையும் பண்பையும் அப்படியே ஒரு பஃபரில் அள்ளித் தரும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட்: முதலில் எழுத்து, அடுத்து பண்பு. மெனு விரிப்பதற்கு முன் அடியில் இருப்பதை அள்ளி வைப்போம், மெனு மூடியதும் புட்டெக்ஸ்ட் போட்டால் பழைய திரை வந்துவிடும்.

அதற்கும் கீழே போக வேண்டுமானால் பயாஸ் இன்டரப்ட், ஹெக்ஸில் 10. ஏஎச் ரெஜிஸ்டரில் 8 வைத்துக் கூப்பிட்டால் கர்சர் நிற்கும் இடத்தின் எழுத்து ஏஎல்-லிலும் பண்பு ஏஎச்-சிலும் வந்து நிற்கும். இன்னும் கீழே போனால் வீடியோ நினைவகத்தையே நேராகத் தொடலாம். 80 பெருக்கல் 25 திரைக்கு மொத்தம் 4000 பைட். வரி எண்ணை 80-ஆல் பெருக்கி, நெடுவரிசையைக் கூட்டி, இரண்டால் பெருக்கினால் இடம் கிடைத்துவிடும். சாதாரண எழுத்துக்குப் பண்பு 7, கறுப்பில் சாம்பல். ரிவர்ஸ் 112. நீலத்தில் வெள்ளை 31. இந்த மூன்று எண்ணும் இன்னும் மறக்கவில்லை.

நான் சொல்ல வருவது, அங்கே நாங்கள் படித்தது உண்மையான திரை. கண்ணாடிக்குப் பின்னால் எது ஒளிர்கிறதோ அதே நினைவகம். யார் எழுதியதாக இருந்தாலும் படிக்கலாம். கர்சஸில் அப்படி இல்லை என்று நினைக்கிறேன். கருந்திரை விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

மலர்விழி_கே எழுதியது (இரவு 9:02)

ஐயா, நீங்கள் எழுதியதைப் பார்த்தபின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கடையில் பில் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக அதே வேலை. சர்க்கரை நோயால் பார்வை மெல்ல மெல்லப் போய், இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. விசைப்பலகையில் விரல் இன்னும் அதே வேகம். எந்த மெனுவில் எத்தனையாவது வரி என்ன என்று மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் தான் இப்போது எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரியவில்லை. அதைவிட முக்கியம், காலாவதி நெருங்கிய சரக்கு சிவப்பில் வரும், அது அவருக்குத் தெரியாது. அந்த வரியில் "காலாவதி" என்று எழுத்தில் எதுவும் இருக்காது, நிறம் மட்டும்தான். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பில் நிரல் நான் எழுதியது இல்லை. வெளியிலிருந்து வாங்கியது, மூலநிரல் எங்களிடம் இல்லை. லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது, நாங்கள் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நுழையும் வழி) வழியாக நுழைகிறோம். எழுத்தைப் பேச்சாக வாசிக்கும் ஈஸ்பீக் நிரல் தமிழ் பேசும் என்று தெரிந்ததும், திரையைப் படித்து அதற்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். என் சோதனை நிரலில் பழகிவிட்டால் அந்த நிரலின் திரையையும் இதே இன்ச் வைத்துப் படிக்கலாம் என்று நினைத்தேன். முடியுமா?

---

கருந்திரை எழுதியது (இரவு 10:35)

முடியாது அம்மா. ஏன் முடியாது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன், வழி என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது.

இன்ச் திரையைப் படிப்பதே இல்லை. கர்சஸ் தன் நினைவில் வைத்திருக்கும் விண்டோ என்ற பதிவேட்டைப் படிக்கிறது. இந்தப் பதிவேடு படிப்பதற்காக உண்டானதும் இல்லை. கென் ஆர்னால்டு 1980 வாக்கில் பெர்க்லியில் கர்சஸ் எழுதியபோது முனையங்கள் தொலைபேசிக் கம்பியில் மிக மெதுவான மோடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முழுத் திரையையும் திரும்ப அனுப்ப நொடிக்கணக்கில் ஆகும். அதனால் திரையில் இப்போது என்ன இருக்கிறது என்று நூலகமே ஒரு கணக்கு வைத்துக்கொண்டது, புதிதாக என்ன வேண்டும் என்று இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கம்பியில் அனுப்பியது. கர்ஸ்எஸ்சிஆர், நியூஎஸ்சிஆர் என்று இன்றும் என்கர்சஸில் இருப்பவை அந்த இரண்டு கணக்குகள்தான். எழுதிய கணக்கு கையில் இருக்கிறதே, அதைப் படிக்க ஒரு வழியும் இருக்கட்டும் என்பதுதான் இன்ச்.

ஆகவே உங்கள் நிரலில் பிரின்ட்எஃப் போட்டு ஒரு வரி எழுதினால்கூட இன்ச்சுக்கு அது தெரியாது. இன்னொரு நிரல் எழுதியது எப்படித் தெரியும்? அந்தப் பில் நிரலுக்குள் கர்சஸே இருந்தாலும் அதன் கணக்கு அதன் நினைவகத்தில், அதுவும் சர்வரில் இருக்கிறது.

சரி, முனையத்தையே கேட்டால் என்ன? கர்சர் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும். ஆனால் "இந்தக் கட்டத்தில் என்ன எழுத்து" என்று கேட்க விடி100 என்ற பழைய முனையத்தின் காலத்திலிருந்து பொதுவான கட்டளை கிடையாது. அதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. முனையம் அனுப்பும் பதில் விசைப்பலகையில் தட்டியதைப் போலவே உள்ளே வரும். கெட்ட எண்ணத்தோடு ஒரு கோப்பில் குறிகளை வைத்து, அதை நீங்கள் திரையில் பார்த்தாலே முனையம் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டது போல ஆகிவிடலாம். பிறகு விடி420 முனையத்தில் வந்த ஒரு வசதி எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரலிலும் இருக்கிறது, ஒரு செவ்வகப் பகுதியின் செக்சம் (எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) கேட்கலாம். முனைய எமுலேட்டர்களைச் சோதிப்பவர்கள் ஒரே ஒரு கட்டத்தைச் செவ்வகமாகக் கொடுத்து அதிலிருந்து எழுத்தை ஊகிப்பார்கள். உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு வழி, நிரலுக்கும் முனையத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தானே ஒரு கணக்கு வைத்திருக்கும் ஒன்று. டிமக்ஸ் அப்படிப்பட்டது. அண்ணன் கணினியில் டிமக்ஸ் திறந்து, அதற்குள் எஸ்எஸ்எச் போட்டு, அதில் பில் நிரலை ஓட விடுங்கள். அந்தத் திரையில் வரும் ஒவ்வொரு கட்டமும் பண்போடு டிமக்ஸின் கணக்கில் இருக்கும். கேப்சர்-பேன் கட்டளையை பி, இ என்ற இரண்டு விருப்பங்களோடு கொடுத்தால் எழுத்தும் நிறக் குறிகளும் சேர்ந்து வெளியே வரும். இ விட்டுவிட்டால் எழுத்து மட்டும்தான், உங்கள் சிவப்பு போய்விடும். குறிகளில் 7 என்றால் ரிவர்ஸ் தொடக்கம், 27 அதன் முடிவு, 31 சிவப்பு, 39 இயல்பான முன்நிறம், 0 என்றால் எல்லாம் கலைந்து சாதாரணம்.

பைத்தானில் எழுத வசதி என்றால் பைட்டி என்ற நூலகமும் இருக்கிறது. அது நினைவகத்தில் ஓடும் ஒரு முனையம். பஃபரில் வரி, நெடுவரிசை கொடுத்தால் எழுத்து, முன்நிறம், பின்நிறம், போல்டு, ரிவர்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். எந்த வரிகள் மாறின என்றும் சொல்லும். பேச்சுக்கு அது மிகவும் உதவும், மாறாத வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டாமே.

---

விரல்நுனி எழுதியது (காலை 6:50)

மலர்விழி, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பிரெய்ல் காட்டியில் பிஆர்எல்டிடிஒய் (திரையைப் பிரெய்லாகத் தரும் நிரல்) வைத்து லினக்ஸ் கன்சோலில் வேலை செய்கிறேன். உங்கள் அண்ணனுக்கு நீங்கள் செய்ய நினைப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது, அதனால் இரண்டு வார்த்தை.

லினக்ஸ் கன்சோலில், அதாவது எக்ஸ் விண்டோ இல்லாத கறுப்புத் திரையில், டாஸ்கார ஐயா சொன்னது இன்னும் உண்டு. டெவ் அடைவில் விசிஎஸ் என்ற கோப்பு எழுத்துகளை மட்டும் தரும். விசிஎஸ்ஏ பண்போடு சேர்த்துத் தரும். முதல் நான்கு பைட்டில் எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை, கர்சர் எங்கே. அதன் பிறகு கட்டத்துக்கு இரண்டு பைட், எழுத்து, பண்பு. 80 பெருக்கல் 25 திரைக்கு 4004 பைட். யார் எழுதியதாக இருந்தாலும் படிக்கலாம், அந்தக் கோப்பைத் திறக்க அனுமதி மட்டும் வேண்டும். பிஆர்எல்டிடிஒய் லினக்ஸ் கன்சோலைப் படிப்பது இந்த வழியில்தான். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் கெர்னல் 4.19 முதல் விசிஎஸ்யு என்று ஒன்று இருக்கிறது, கட்டத்துக்கு நான்கு பைட், யூனிகோடு எண்ணாகவே. ஆனால் அதில் பண்பு கிடையாது, இரண்டையும் திறந்து இணைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விசிஎஸ்ஏ பண்பில் சிவப்பு 4, நீலம் 1. முனையக் குறிகளிலும் கர்சஸிலும் சிவப்பு 1, நீலம் 4. இதைக் கவனிக்காமல் எழுதினால் நீல வரியெல்லாம் காலாவதி என்று பேசும்.

எனக்கு எழுத்து மட்டும் போதாது என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மெனுவில் பத்து வரியும் என் விரலுக்கு ஒரே மாதிரி. எது தேர்ந்தது என்பதைக் கண் உள்ளவர் ரிவர்ஸை வைத்து நொடியில் பிடித்துவிடுவார். பிஆர்எல்டிடிஒய்யில் பண்பைக் காட்டும் நிலைக்கு ஒரு விசையில் மாறலாம், எழுத்துக்குப் பதில் ஒவ்வொரு கட்டத்தின் பண்பு புள்ளிகளாக வரும். நான் ஒரு நாளில் எத்தனை முறை அதற்குள் போய் வருகிறேன் என்று கணக்கில்லை. ஆகவே நீங்கள் சிவப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது சரிதான், அதை விட்டுவிடாதீர்கள்.

அண்ணனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்: சிவப்பை எப்படிச் சொல்ல வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் "சிவப்பு" என்று பேசினால் சலித்துவிடும். எனக்கு என்றால் மருந்துப் பெயருக்கு முன் ஒரு சின்ன மணி ஒலி போதும்.

---

நேர்வழி_தேவா எழுதியது (காலை 9:15)

எல்லோரும் அருமையாகச் சொல்கிறீர்கள். ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். திரையைப் படித்து அதிலிருந்து பொருளை ஊகிப்பது பலவீனமான அடித்தளம். நிரல் எழுதியவர் நாளை சிவப்பை மஞ்சளாக்கினால் எல்லாம் உடையும். அதுவும் அமைதியாக உடையும், காலாவதி மருந்து சாதாரண மருந்தாகக் காதில் விழும். மருந்து விஷயத்தில் அது விளையாட்டு இல்லை. நிரலை விற்றவரிடம் தரவுத்தளத்தைப் படிக்க அனுமதி கேளுங்கள், காலாவதித் தேதி அங்கே தேதியாகவே இருக்கும். சொந்த நிரலில் என்றால் கேள்வியே இல்லை. எந்த வரி தேர்ந்தது என்று உங்கள் மாறியிலேயே இருக்கும்போது திரையை எதற்குக் கேட்க வேண்டும்?

---

விரல்நுனி எழுதியது (காலை 9:48)

தேவா, சொந்த நிரல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மற்றவர் நிரலில் அனுமதி கேட்டுக் காத்திருப்பது என் அனுபவத்தில் மாதக்கணக்கு, சில சமயம் பதிலே வராது. நாளைக் காலை அந்த அண்ணன் கடைக்கு வந்து உட்கார வேண்டும். கண் உள்ளவர்களும் அதே திரையைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். சிவப்பு மஞ்சளானால் அவர்களும் ஒரு நாள் குழம்புவார்கள். எனக்கும் அந்தத் திரையைப் பார்க்கும் அதே உரிமை வேண்டும், அதன் குறைகளோடு சேர்த்து.

---

நேர்வழி_தேவா எழுதியது (காலை 10:10)

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா, நான் அந்தப் பக்கமிருந்து யோசிக்கவில்லை. அப்படியென்றால் ஒரே ஒரு யோசனை: தெரியாத நிறம் எது வந்தாலும் "சாதாரணம்" என்று விட்டுவிடாமல் "புது நிறம்" என்று பேசட்டும். அமைதியாக உடைவதை மட்டுமாவது தடுக்கலாம்.

---

மலர்விழி_கே எழுதியது (நான்கு நாள் கழித்து, இரவு 9:25)

தாமதத்துக்கு மன்னிக்கவும். டிமக்ஸ் வழியாகவே செய்தேன். கேப்சர்-பேனில் வந்ததை ஒவ்வொரு எழுத்தாக நடந்து, அப்போதைய நிறத்தையும் ரிவர்ஸையும் கையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

ஒரு நாள் முழுக்க என்னைச் சுற்ற வைத்தது இதுதான்: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நிறத்தைச் சாதாரணமாக்கிவிட்டுப் படித்தேன். அடுத்தடுத்து மூன்று சரக்கு, வரி முழுக்கச் சிவப்பாக இருந்தால் முதலாவது மட்டும் சிவப்பு என்று வந்தது. டிமக்ஸ் நிறம் மாறும் இடத்தில் மட்டும்தான் குறி போடுகிறது, வரி மாறினால் திரும்பப் போடுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது வரியில் 31 இல்லவே இல்லை. கையில் உள்ள நிறத்தை அடுத்த வரிக்கும் அப்படியே கொண்டுபோனதும் மூன்றும் சிவப்பாக வந்தன. தேவா அண்ணா சொன்ன "அமைதியாக உடைவது" எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அதனால் புது நிறம் யோசனையையும் சேர்த்துவிட்டேன்.

பில் அண்ணனிடம் மணி ஒலி பற்றிக் கேட்டேன். மணி வேண்டாம், கடையில் தொலைபேசி ஏற்கெனவே அடித்துக்கொண்டே இருக்கிறது, பெயரை வாசித்து முடித்ததும் "பார்த்துக்கோ" என்று ஒரு சொல் வரட்டும் என்றார். அப்படியே வைத்தேன். இன்று மதியம் 40 பில் போட்டார். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. இடையில் ஒரு சரக்குக்கு "பார்த்துக்கோ" வந்ததும் கையை நிறுத்திவிட்டு, குடோன் பையனைக் கூப்பிட்டு, அட்டைப்பெட்டியில் தேதியை வாசிக்கச் சொன்னார்.

ஒரு கேள்வி மிச்சம். பில் நிரல் ஓரத்தில் பெட்டிக் கோடு போடுகிறது. சில திரையில் அந்தக் கோட்டையும் ஈஸ்பீக் எழுத்தாக வாசிக்கப் பார்க்கிறது. என் சோதனை நிரலில் இன்ச் வைத்துப் பார்த்தால் செங்குத்துக் கோடு இருக்கும் இடத்தில் சின்ன எக்ஸ் எழுத்து வருகிறது. இது என்ன?

---

கருந்திரை எழுதியது (இரவு 10:01)

மிக்க மகிழ்ச்சி மலர்விழி. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எக்ஸ் வருவது சரிதான். விடி100 காலத்து மாற்று எழுத்துருவில் செங்குத்துக் கோட்டின் இடம் எக்ஸ், கிடைக்கோட்டின் இடம் க்யூ, மேல் இடது மூலை எல். பண்பில் ஏ_ஆல்ட்சார்செட் என்ற பிட், 4194304, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கோடு, இல்லாவிட்டால் உண்மையான எக்ஸ். டிமக்ஸ் பக்கத்தில் கோடு யூனிகோடு கோட்டெழுத்தாக வந்தால் 9472 முதல் 9599 வரையுள்ள எண்கள் எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றிவிட்டு ஈஸ்பீக்கிடம் கொடுங்கள். அழித்துவிடாதீர்கள், இடைவெளியாக்குங்கள். அழித்தால் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகள் ஒட்டிக்கொண்டு விலையும் எண்ணிக்கையும் ஒரே எண்ணாகிவிடும்.